சாயும் கம்பமும் சுழலும் கதிரும்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாற்றை நோக்கிப் பேருந்தில் போகிறவர், ஜன்னலின் எப்பக்கம் பார்த்தாலும், இருவகை இயக்கங்களின் நடுவே பிரயாணம் செய்கிறார். ஒன்று பிரத்தியட்சமானது: ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றை வாங்கிக்கொண்டு சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள். மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாதது: ஐப்பசி மழையில் ஊதிப் பெருத்தும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளந்தும், தன்மீது நட்ட மின்கம்பத்தையும் தன்மீது எழுப்பிய சுவரையும் ஆண்டுதோறும் மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துக்கொண்டே இருக்கும் கரிசல் மண்ணின் இயக்கம். ஒன்று வினாடிக் கணக்கில் நடப்பது. மற்றொன்று மாதக் கணக்கில் நடப்பது. இவ்விரண்டையும் ஒரே கருவியால், அதுவும் மொச்சைக் கொட்டையைவிடச் சிறிய ஒரு கருவியால் அளந்துவிடலாம் என்பது இக்காலத்து விசேஷம். அளப்பது எளிது, அளந்த எண் எதைச் சொல்லுகிறது என்று அறிவதுதான் கொஞ்சம் சிரமம்.

அந்தக் கருவிக்கு முடுக்கமானி என்று பெயர். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம், மோதலின்போது காருக்குள் காற்றுப்பையை விரிக்க வேண்டிய கணத்தை அறிவதற்காக, சிலிக்கான் சில்லிலேயே செதுக்கிய முடுக்கமானியை அறிமுகப்படுத்தியது. அதன் வம்சத்தில் வந்த ஏடிஎக்ஸ்எல்345 என்னும் சில்லு 3 மில்லிமீட்டர் அகலமும், 5 மில்லிமீட்டர் நீளமும், 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளது. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இதைச் சிறு அட்டையில் பற்றவைத்தே விற்கிறார்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் மாணவர்களுக்காக உருவாகி உலகெங்கும் பரவிய அர்டுயினோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையோடு இதை இணைத்துப் படிப்பது, 1984-இல் கோவில்பட்டியில் தொடங்கிய நேஷனல் பொறியியற் கல்லூரி போன்ற கல்லூரிகளில் பயில்வோருக்கு மட்டுமன்றி, அடல் டிங்கரிங் லேப் வாய்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இன்று கைக்கெட்டிய காரியமாகிவிட்டது.

சில்லினுள் நடப்பதை விளங்கிக்கொள்ள எட்டயபுரம் போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் போதும். டிரைவர் திடீரென்று வண்டியை எடுத்தால் நாம் பின்னால் சாய்கிறோம். பிரேக் போட்டால் முன்னால் விழுகிறோம். நம்முடைய சாய்வைக் கண்டே வண்டியின் வேகமாறுதலை ஒருவன் ஊகித்துவிடலாம். சில்லினுள் நின்றுகொண்டு போகும் பிரயாணி ஒரு சிலிக்கான் துண்டு. மெல்லிய வில்களில் தொங்கும் அத்துண்டு அசையும்போது, அதன் ஓரத்திலுள்ள சீப்புப் பற்களுக்கும் அசையாத பற்களுக்கும் இடையேயுள்ள தூரம் மாறுகிறது. தூரம் மாறினால் அங்கே தேங்கும் மின்னேற்றம் மாறுகிறது. அந்த மாறுதலே எண்ணாக வெளிவருகிறது. நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளுக்கும் தனித்தனியே மூன்று எண்கள்.

முதன்முதலாக இந்த எண்களைப் பார்ப்பவர் தவறாமல் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. மேஜைமேல் அசையாது கிடக்கும் கருவி, மூன்று திசைகளிலும் சுழியைக் காட்ட வேண்டுமென்றுதானே நினைப்போம்? அது உயரத் திசையில் ஒரு ஜி, அதாவது வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் வீதம் மேல்நோக்கிய முடுக்கத்தைக் காட்டும். அதே கருவியைக் கிணற்றுக்குள் விழவிட்டால், விழுந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் ஏறக்குறைய சுழியையே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. வில்லில் தொங்கும் துண்டைப் பொறுத்தவரை, மேஜை தன்னை மேல்நோக்கித் தாங்குவதும் ஏதேனும் ஒன்று தன்னை மேல்நோக்கி இழுப்பதும் ஒன்றே. அதற்குப் பேதம் தெரியாது. இந்தப் பேதமின்மையைக் குறை என்று சொல்வது தவறு என்பது என் அபிப்பிராயம். புவியீர்ப்பையும் அது உணர்வதனாலேயே, கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல, கீழ்த்திசை எது என்பதை அது அறிகிறது. சாய்வை அளக்க முடிவது அதனால்தான்.

இனி இணைப்புக்கு வருவோம். நான்கு கம்பிகள் போதும்: மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, செய்தியின் தாளத்துக்கு ஒன்று. இம்முறைக்கு ஐ2சி என்று பெயர். ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் வகுத்தது. சில்லு 3.3 வோல்ட்டில் வாழ்வது என்பதையும், அர்டுயினோ ஊனோ பலகை 5 வோல்ட்டில் பேசுவது என்பதையும், இடையே மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அட்டையிலேயே உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி இதை முடித்துவிடலாம்.

ஒரே கம்பியில் பல சில்லுகள் குடியிருக்கக் கூடுமாதலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. அட்டையில் வழக்கமாக அமைந்திருக்கும் இணைப்பின்படி ஏடிஎக்ஸ்எல்345-இன் கதவிலக்கம் 83. கதவுக்குள்ளே வரிசையாக அறைகள். சுழியாம் அறையைத் திறந்தால் 229 என்ற எண் இருக்க வேண்டும். அது அச்சில்லின் குலமுத்திரை. அந்த எண் வராவிட்டால் கம்பியிலோ கதவிலக்கத்திலோ பிழை என்று அறிந்து, மேற்கொண்டு போகாமல் அங்கேயே நின்றுவிடுவது உத்தமம். வந்தால், 45-ஆம் அறையில் 8 என்று எழுத வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் சில்லு உறக்க நிலையிலேயே இருக்கிறது, இந்த 8-தான் அதைத் தட்டி எழுப்புவது. அதன்பின் 50 முதல் 55 வரையுள்ள ஆறு அறைகளையும் ஒரே மூச்சில் படித்தால், திசைக்கு இரண்டு அறை வீதம், மூன்று திசைகளின் எண்களும் கிடைத்துவிடுகின்றன. ஒவ்வோர் அறையாகத் தனித்தனியே படிக்கலாகாது. முதல் அறையைப் படித்து இரண்டாம் அறைக்குப் போவதற்குள் புதிய அளவு வந்து புகுந்து, பழைய எண்ணின் வால் புதிய எண்ணின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓர் எண்ணை ஏன் இரண்டு அறைகளில் வைக்க வேண்டும்? ஓர் அறை 255 வரைதான் கொள்ளும் என்பதனால். ஏடிஎக்ஸ்எல்345 சின்ன இலக்கத்தை முதல் அறையிலும் பெரிய இலக்கத்தை அடுத்த அறையிலும் வைக்கிறது. கடைகளில் அதே அளவு புழக்கத்திலுள்ள எம்பியு6050 என்னும் சில்லு பெரியதை முன்னும் சின்னதைப் பின்னும் வைக்கிறது. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றுக்குப் பிரயோகித்தால் விளையும் விபரீதத்தைப் பாருங்கள். ஏடிஎக்ஸ்எல்345-இன் கணக்கில் ஒரு ஜி என்பது 256. அதாவது சின்ன அறையில் 0, பெரிய அறையில் 1. அறைகளை மாற்றிப் படித்தால் அது வெறும் 1 ஆகிவிடும்; உண்மையில் 1-ஆக இருந்த அற்ப நடுக்கமோ 256 ஆகி, பூமியின் முழு ஈர்ப்புக்குச் சமமாக எழுந்து நிற்கும். மலை கடுகாகவும் கடுகு மலையாகவும் தோன்றும் இந்த வேடிக்கையில், எண்கள் என்னவோ அசைக்க அசைக்க மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகையால் கருவி வேலை செய்கிறது என்றே ஆரம்ப மாணவன் எண்ணுவான்.

எதிர்மறை எண்ணின் சங்கதியும் இத்தகையதே. கழித்தல் 1 என்பது இரண்டு அறைகளிலும் 255 ஆக எழுதப்படுகிறது. ஊனோ பலகையில் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான் ஆகையால் அது தானாகவே கழித்தல் 1 என்று விளங்கிக்கொள்ளப்படும். அதே நிரலை 32 பிட் பலகையில் ஏற்றினால், குறியைக் கவனியாமல், அதுவே 65,535 ஆகிவிடும். 256-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 256 ஜி! கழித்தல் 1 என்ற அற்ப எண், மேஜைமேல் கிடக்கும் கருவிக்கு நேரவே முடியாத ஒரு முடுக்கமாக உருவெடுக்கிறது. பதினாறு பிட் குறியெண் என்று நிரலில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் செய்து எண்களைச் சரியாகப் பெற்றவர் அடுத்து எதை அளக்கப் போகிறார் என்பதைப் பொறுத்து, வழி இரண்டாகப் பிரிகிறது.

முதலில் விரைவானது. கோவில்பட்டி வட்டாரத்து நூல் மில்களில் ஸ்பிண்டில் எனப்படும் கதிர்கள் நிமிஷத்துக்கு 15,000 முதல் 20,000 சுற்றுகள் வரை சுழல்கின்றன. 18,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 300. கதிரின் தாங்கி தேயத் தொடங்கினால் அதன் அதிர்வு மாறும். அம்மாறுதலை முன்கூட்டியே கண்டுகொண்டால் நூல் அறுந்து நேரும் நஷ்டம் குறையும். காற்றாலையின் பல்சக்கரப் பெட்டிக்கும் இதே நியாயம்தான்: இறக்கை நிமிஷத்துக்குப் பதினைந்து தடவைதான் சுழல்கிறது என்றாலும், பெட்டிக்கு மறுபுறம் மின்னாக்கி 1,500 தடவை சுழல்கிறது, அதிர்வு அளவு மீறினால் யந்திரத்தைத் தானாகவே நிறுத்திவிட ஏற்பாடு உண்டு. 1986-இல் தூத்துக்குடிப் பக்கத்தில் 55 கிலோவாட் காற்றாலைகளை நாட்டிய நாளிலிருந்து இப்பிரதேசம் இந்த வித்தைக்குப் பழகிய பூமி. காற்றாலைகளைப் பரீட்சை செய்வதற்கென்றே டென்மார்க்கின் உதவியோடு அமைந்த மத்திய அரசின் நிலையம் கயத்தாற்றில்தான் இருக்கிறது.

சில்லை வினாடிக்கு 800 தடவை அளக்கும்படி ஏவி, கதிரின் சட்டத்தில் ஒட்டி, எண்களை வரிவரியாகக் கணினித் திரைக்கு அனுப்புகிறார் நம் மாணவர். வழக்கமாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கும் 9,600 என்ற வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகள்தான் கம்பியில் போகும். வரிக்குப் பதினாறு எழுத்து என்றால் வினாடிக்கு 60 வரிகள். சில்லு 800 தடவை அளந்தும் என்ன பயன்? நிரல் 60 தடவைதான் எட்டிப் பார்க்கிறது. வினாடிக்கு 300 தடவை ஆடும் ஒன்றை 60 தடவை பார்த்தால், ஒவ்வொரு பார்வைக்கும் சரியாக ஐந்து ஆட்டம் முடிந்து கதிர் அதே இடத்துக்கு வந்து நிற்கும். வரைபடத்தில் அதிர்வே இராது! கதிர் சற்று விரைந்து 18,060 ஆனால், வினாடிக்கு ஒரு தடவை ஊஞ்சலாடுவதுபோல் ஒரு மெல்லிய அலை தோன்றும். சினிமாவில் ஓடும் குதிரைவண்டியின் சக்கரம் நின்றதுபோலவும், பின்னோக்கிச் சுழல்வதுபோலவும் தெரியுமே, அதே மாயைதான். அளக்கப்படும் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகப் பார்த்தாக வேண்டும். காரியத்துக்கு உதவுமாறு பார்க்க வேண்டுமானால் ஐந்து, பத்து மடங்கு. திரைக்கு அனுப்பும் வேகத்தை 1,15,200 ஆக உயர்த்துவதும், 32 அளவுகளைச் சில்லே சேமித்து வைக்கும் வசதியைக் கையாண்டு கொத்தாக எடுத்துக்கொள்வதும் உபாயங்கள். வினாடிக்கு 800-க்கு மேலே போக வேண்டுமானால் ஐ2சி முறையையே கைவிட்டு, எஸ்பிஐ என்னும் வேறு இணைப்புக்கு மாற வேண்டும்.

மெதுவானதற்கு இந்த அவசரமெல்லாம் வேண்டியதில்லை. அதன் கஷ்டம் வேறு. கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் தாது மிகுதி. ஏடுகளாக அடுக்கிய அதன் நுண்துகள்கள் இடையிடையே நீரை வாங்கி உப்புவதும், நீரை இழந்து ஒடுங்குவதுமே மண்ணின் ஊதலுக்கும் வெடிப்புக்கும் காரணம். வீடு கட்டுகிறவர் கரிசலைத் தோண்டி அடியிலுள்ள சுக்கான் மட்டம் வரை வானம் இறக்கியதும், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடிப்பாகம் குமிழாக விரிந்த தூண்களை வகுத்ததும் இந்த மண்ணுக்கு அஞ்சியே.

சுவர் ஒரு டிகிரி சாய்ந்தால் முடுக்கமானி எவ்வளவு காட்டும்? கிடைத்திசையில் 256-இல் நாலரை. செங்குத்துத் திசையிலோ மாறுதல் அநேகமாக ஒன்றுமே இராது. ஆதலால் சாய்வை அளப்பவர் பெரிய எண்ணைக் காட்டும் திசையை விட்டு, சுழிக்கு அருகே ஊசலாடும் திசையைக் கவனிக்க வேண்டும். கருவியின் சொந்த நடுக்கமே ஓர் இலக்க அளவு இருப்பதால், நூறு அளவுகளை எடுத்துச் சராசரி காண வேண்டும். நடுக்கம் பத்திலொரு பங்காகக் குறையும். கதிரின் அதிர்வைக் கொன்றுவிடக்கூடிய இந்தச் சராசரிதான் சுவரின் சாய்வை உயிர்ப்பிக்கிறது.

இன்னும் ஒரு குற்றம் பாக்கி. மட்டமான இடத்தில் வைத்தாலும் சில்லு சரியாகச் சுழியைக் காட்டாது. பிறவியிலேயே ஒரு கோணல் உண்டு, சாய்வைவிட அது பெரிதாகவும் இருக்கலாம். இதற்கு மருந்து கொத்தனாரிடம் இருக்கிறது. புதிய ரசமட்டத்தை வாங்கியவர், அதை வைத்துக் குமிழைப் பார்த்துவிட்டு, தலைமாற்றித் திருப்பி வைத்து மறுபடியும் பார்ப்பார். சில்லையும் அப்படியே சுவரின்மேல் ஒருமுறை வைத்து, பின் அரைவட்டம் திருப்பி வைத்து அளக்கலாம். முதலில் 14, பிறகு கழித்தல் 6 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய 4 கருவியின் கோணல். மீதி 10 சுவரின் சாய்வு, அதாவது இரண்டேகால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு.

கோணலைக் கழித்த பிறகும் வெயில் விடுவதில்லை. சில்லின் சுழி உஷ்ணத்தோடு நகரும். தகரப் பெட்டியில் அடைத்துச் சுவரில் அறைந்த கருவி, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே அரை டிகிரி அளவுக்குச் சாய்ந்ததாகக் காட்டிவிட்டு, அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளக்கூடும். அன்றாடம் இப்படிச் சாய்ந்து நிமிரும் சுவர் கரிசலில் எங்கும் இல்லை. ஆகவே பக்கத்திலேயே ஒரு வெப்பமானியை வைத்து இரண்டு எண்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் நாளுக்கு ஒரே அளவாக, சுவரும் பெட்டியும் நன்றாகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலை நாலு மணிக்குப் பலகையை விழிக்கச் செய்து, நூறு எண்களை எடுத்துச் சராசரி கண்டு, மறுபடியும் உறங்க வைத்துவிடுகிறார்கள்.