யானை, தொலைபேசி, திசைகாட்டி

மலையகத்தின் ஆசனங்கள் – 9

சென்ற வாரம் நுவரெலியாவைப் பார்த்தோம். அங்கே தமிழ் வேட்பாளர்களுக்குள்தான் போட்டி. எந்தத் தமிழர் போவார் என்பதே கேள்வி. தமிழர் ஒருவர் போவாரா என்று யாரும் கேட்பதில்லை. பட்டிப்பொலைச் சுரங்கத்தைக் கடந்து ரயில் ஊவாப் பக்கம் இறங்கியதும் அந்தக் கணக்குச் செல்லாது.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில்தான் மலையகத் தமிழர். அவர்களும் ஓரிடத்தில் இல்லை. பசறை, மடூல்சீமை, லுணுகலை ஒரு பக்கம். ஹாலிஎல, தெமோதரை, ஸ்பிரிங்வெளி நடுவில். அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை இன்னொரு முனை. இந்த மக்களிடமிருந்து ஒருவர் பாராளுமன்றம் போவதற்கு ஆதரவு மட்டும் போதாது. எந்தக் கட்சிப் பட்டியலில், யாருக்குப் பக்கத்தில், எந்த விருப்பு இலக்கத்தோடு நிற்கிறார் என்பதுதான் முடிவைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

முதலாமவர் எஸ்.எம். சுப்பையா. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் பதுளையும் ஒன்று. அப்போது பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. பெரும்பான்மைச் சமூகம் ஒரு ஆசனத்தை எடுத்தாலும் சிறுபான்மை ஒன்றுதிரண்டால் மற்றது கைக்கு வரும். அப்படித்தான் வந்தது. அது வானத்திலிருந்து விழுந்த வெற்றியும் அல்ல. 1940 இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் இந்தப் பகுதி முழுவதையும் உலுக்கியிருந்தது. துரைக்கு முன்னால் வாய் திறக்கலாம் என்று கற்ற தலைமுறைதான் ஏழு வருடம் கழித்து வாக்குச் சாவடிக்குப் போனது.

சுப்பையா ஆசனத்தில் இருக்கும்போதே அவருக்கு வாக்களித்தவர்கள் வாக்காளர் அல்லாதவர் ஆனார்கள். 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949 இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் அதைச் செய்து முடித்தன. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் போகவில்லை. உறுப்பினரைத் தோற்கடிக்க வேண்டிய தேவையே இல்லாமல், அவருடைய வாக்காளரை நீக்கிக் கணக்கை முடித்த தேர்தல் அது. பிறகு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கப்பல், மண்டபம் முகாம். இந்தத் தொடரின் மூன்றாம், நான்காம் பகுதிகளில் விரிவாகச் சொன்னவை. இங்கே மறுபடி வேண்டாம்.

1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1988 இல் நாடற்றவர்கள் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் பதுளைத் தோட்டங்களின் வாக்குக்கு மீண்டும் விலை வந்தது. விலை என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்.

விகிதாசார முறையில் கட்சிக்கு ஒரு வாக்கு, அந்தப் பட்டியலுக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. பதுளைக்கு முன்பு எட்டு ஆசனம், 2020 முதல் ஒன்பது. தனித் தமிழ்க் கட்சியாக நின்றால் ஓர் ஆசனம் தட்டுத் தடுமாறி வரலாம், வராமலும் போகலாம். எனவே பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் ஏற வேண்டும். பெரிய கட்சிக்கும் தோட்ட வாக்கு வேண்டும். அந்த வாக்கைக் கொண்டுவந்து தருபவர் யார்? தொழிற்சங்கம்.

தோட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு மாதர் சங்கத் தலைவி, மேலே மாவட்டத் தலைவர், அதற்கும் மேலே கொழும்பிலோ கொட்டகலையிலோ பொதுச் செயலாளர். 2021 வரை மாதச் சம்பளத்தில் சந்தா கழிக்கப்பட்டு நேராகச் சங்கத்துக்குப் போனது. தேர்தல் வந்தால் இதே ஆட்கள், இதே வழி. ‘நம்ம இலக்கம் இதுதான்’ என்ற செய்தி பிரட்டுக்களத்திலிருந்து லயத்துக்கு ஒரே இரவில் போய்விடும். கட்சிக் கிளைகள் எத்தனை இருந்தாலும் இந்த வேகம் அவற்றுக்கு வராது.

இந்த ஏற்பாட்டில் உருவான அரசியல்வாதிகளில் நன்றாகத் தெரிந்தவர் வடிவேல் சுரேஷ். 2004 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சார்பில் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் பதுளையிலிருந்து தெரிவானார். பின்னர் மகிந்த ராஜபக்ஷ அரசில் பிரதிச் சுகாதார அமைச்சர். 2010 இல் தோற்றார். அந்தத் தேர்தலில் பதுளையிலிருந்து தமிழர் ஒருவரும் நேரடியாகத் தெரிவாகவில்லை. 2014 இல் ஹரின் பெர்னாண்டோ ஊவா மாகாண சபைக்குப் போட்டியிடப் பாராளுமன்றத்தை விட்டு விலகியபோது, பட்டியலில் அடுத்திருந்த கே. வேலாயுதம் உள்ளே போனார். வேலாயுதமும் சங்கக்காரர்தான். இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அவருடையது. ஐக்கிய தேசியக் கட்சியின் தோட்ட முகம் அது.

2015 இல் சுரேஷ் மீண்டும் யானையில் வென்றார். கூடவே மலையக மக்கள் முன்னணியின் அ. அரவிந்தகுமாரும். எட்டில் இரண்டு. அதன் பின் சுரேஷ் அதே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகவும் ஆனார். 2018 ஒக்டோபர் 26 இல் பிரதமர் ரணில் பதவி நீக்கப்பட்ட அந்த 51 நாள் கூத்தில் அவர் ராஜபக்ஷ பக்கம் போய் இராஜாங்க அமைச்சராகப் பதவியேற்றார். நவம்பர் 14 இல் சபை கூடியபோது ரணில் பக்கம் உட்கார்ந்திருந்தார். பின்னர் ரணில் அரசிலும் பெருந்தோட்டக் கைத்தொழில் இராஜாங்க அமைச்சர். 2020 இல் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னம்.

இதைக் கட்சி தாவல் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். கொழும்புப் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. ஆனால் தோட்டத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பெரிதாகக் கேட்டதில்லை. அங்குள்ளவர்களுக்கு யானையும் தொலைபேசியும் வாகனம். ஏறிப் போகிறவர் நம்மாளா என்பதே விஷயம். நம்மாள் ஆளுங்கட்சியில் இருந்தால் பாதைக்குக் கொங்கிரீட் வரும், கோயிலுக்குத் தகரம் வரும். எதிர்க்கட்சியில் இருந்தால் அறிக்கை வரும். இந்தக் கணக்கில் தவறு காண்பது கடினம். ஆனால் இதில் ஒரு பெரிய இழப்பு ஒளிந்திருந்தது. பிறகு அதற்கு வருகிறேன்.

2020 கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பொதுஜன பெரமுனவுக்கு ஆறு ஆசனம், ஐக்கிய மக்கள் சக்திக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு தமிழருக்கு: சுரேஷ், அரவிந்தகுமார். வென்ற கட்சியான மொட்டில் நின்ற செந்தில் தொண்டமான் தோற்றார். ஊவா மாகாண சபையில் அமைச்சராக இருந்தவர், பின்னாளில் கிழக்கு மாகாண ஆளுநராகப் போனவர், தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டுக்காரர்களுக்கும் பழக்கமான பெயர். இருந்தும் தோற்றார். காரணம் எளிது. வெல்லும் அலையில் இருக்கும் பட்டியலில் சிங்கள வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கு மலை மலையாகக் குவியும். தோட்டத்து விருப்பு அதில் மூழ்கிவிடும். தோற்கும் கட்சியின் பட்டியலில் சிங்கள வாக்குக் குறைந்து கிடக்கும். ஒரே இலக்கத்துக்குத் திரண்ட தோட்ட வாக்கு அங்கே மேலே மிதக்கும். பதுளைத் தமிழ் உறுப்பினருக்குத் தன் கட்சி கொஞ்சம் தோற்பதே நல்லது என்ற விசித்திரமான நிலை. அப்படி வென்றவர் எதிர்க்கட்சியில் உட்காருவார். பிறகு அமைச்சுக்காக நகரப் பார்ப்பார். அரவிந்தகுமார் 2020 ஒக்டோபரில் யாப்பின் 20 ஆம் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தினார். அவர் சேர்ந்திருந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி அவரை இடைநிறுத்தியது. 2022 இல் கல்வி இராஜாங்க அமைச்சரானார். தனிமனித குணத்தை இதில் எவ்வளவு சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால், தேர்தல் முறையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது அந்த இழப்புக்கு வரலாம்.

சங்கத்தால் உருவாகும் உறுப்பினருக்குச் சங்கத்தின் அலுவலே கொள்கை. சங்கத்தின் அலுவல் சம்பளம். இரண்டு வருடத்துக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம், அதற்கு முன்னால் ஓர் ஆர்ப்பாட்டம், பிறகு கையெழுத்து. 2016 ஒக்டோபரில் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 730 ரூபாய். 2019 ஜனவரியில் அடிப்படை 700 ரூபாய், கேட்டது ஆயிரம். அந்த ஒப்பந்தத்தில் சங்கச் செயலாளராகக் கையெழுத்திட்டவரும் அரசில் இருந்தவரும் ஒரே ஆள் என்பதைத் தோட்டங்கள் மறக்கவில்லை. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வழியாக.

வந்தது ஆயிரமா என்று கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். குறித்த கிலோவைக் கொடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஊவாவில் இதன் கொடுமை தனி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையை உலர்த்தும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். அதே காற்றில் துளிர் மெதுவாகத்தான் வரும், கூடை நிறையாது. தேயிலைக்கு உச்ச விலை கிடைக்கும் மாதங்களில் அதைப் பறித்தவளுக்குச் செக்ரோலில் அரைப்பேர் விழுகிறது. பருவத்துக்கு ஏற்ப கிலோவை நிர்ணயிக்க வேண்டும் என்று ஒரு பதுளை உறுப்பினர் பிடிவாதமாக நின்றிருந்தால் அவர் பெயரை இங்கே மகிழ்ச்சியோடு எழுதியிருப்பேன்.

சம்பளத்துக்கு வெளியே இருந்தவைதான் உயிர் சம்பந்தப்பட்டவை. 2014 செப்டெம்பர் 20 இல் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. நாடு முழுக்க இங்கே பார்த்தது; மகிந்த அரசின் சரிவு இங்குதான் தொடங்கியது என்று இன்றும் எழுதுகிறார்கள். தோட்டம் தோட்டமாக வாகனங்கள் ஏறின. ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது.

யார் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும்? காணி அரசுடையது. 1992 முதல் அது நீண்ட குத்தகையில் கம்பனியிடம். லயம் கம்பனியின் பொறுப்பில். பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். அதாவது முப்பது வருடங்களாக ஹல்துமுல்லையிலும் பசறையிலும் தோட்டத் தொழிலாளி வாக்களித்துப் பிரதேச சபை உறுப்பினரை அனுப்பினார்; அந்த உறுப்பினரால் அவருடைய வாசல் வரைக்கும் ஒரு பாதை போட முடியாது. வீடு மாற்ற வேண்டுமானால் முதலில் நிலம் வேண்டும். நிலத்துக்குக் கம்பனி இணங்க வேண்டும், அமைச்சு விடுவிக்க வேண்டும். கூட்டு ஒப்பந்த மேசையில் இது பேசு பொருளாகவே இருந்ததில்லை. சங்கத்துக்குப் பழக்கமான ஒரே மேசை அதுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மறுபடி மலைகள் இறங்கின. நடுவில் பதினொரு வருடம்.

சங்க இயந்திரம் தளர்ந்த இடத்தையும் குறித்துவிட வேண்டும். 2021 இல் சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளத்தில் சந்தா கழித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. ஆயிரம் ரூபாயைச் சங்கங்கள் வெற்றியாகக் கொண்டாடிய அதே வேளையில் அவற்றின் வருமான வாய்க்கால் வற்றியது. அடுத்த வருடம் பொருளாதாரம் விழுந்தது. மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்களில் எந்தச் சின்னத்தில் நம்மாள் இருக்கிறார் என்ற கேள்விக்கு அர்த்தம் குறைந்தது.

2024 நவம்பர் 14. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் பதுளையில் ஒன்பதில் ஆறு. அந்த ஆறில் இரண்டு தமிழர்: கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல். 2020 இல் போன இருவரும் திரும்பவில்லை. பதுளை மலையகத்திலிருந்து ஒரு பெண் பாராளுமன்றம் போனதும் இப்போதுதான். கூடையைச் சுமந்தவர்களும் சந்தா கட்டியவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்ற இடத்தில் இதற்கு 1947 முதல் 77 வருடம் எடுத்திருக்கிறது.

மேலே சொன்ன என் கணக்கை இந்தத் தேர்தல் பொய்யாக்கியது. வெல்லும் பட்டியலில் தமிழ் இலக்கம் மூழ்க வேண்டும்; மூழ்கவில்லை. தோட்ட வாக்கு மட்டும் இதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வெலிமடையிலும் மஹியங்கனையிலும் சிங்கள வாக்காளர் சிலரேனும் ஒரு தமிழ்ப் பெயருக்கு நேரே புள்ளடி போட்டிருக்க வேண்டும். இது ஒரு முறை நடந்த அலையா, பழக்கமாகுமா என்பதை அடுத்த தேர்தல் சொல்லும்.

ஆனால் புதியவர்களின் சிக்கலும் புதிது. பழைய உறுப்பினர் தன் சங்கத்துக்குப் பதில் சொன்னார். இவர்கள் தங்கள் கட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு கம்பனிக் குத்தகையைப் பற்றிச் சபையில் எவ்வளவு உரக்கப் பேச முடியும்? 2025 ஒக்டோபர் 12 இல் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார். 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 தருவதாகச் சொன்னது, சேர்த்து 1,750. வீடு, சம்பளம் இரண்டும் இப்போது ஜனாதிபதியின் மேடையிலிருந்து நேராக வருகின்றன. இடையில் நிற்கும் உறுப்பினரின் வேலை என்ன என்று பதுளையில் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

அவருக்குக் கீழே இன்னொரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஊவா மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. தோட்டப் பாடசாலை, ஆசிரியர் நியமனம், கிராமிய வைத்தியசாலை, மாகாணப் பாதை எல்லாம் மாகாணத்தின் கையில். அவற்றை இப்போது ஆளுநரும் அதிகாரிகளும் பார்க்கிறார்கள். கடைசியாக இருந்த சபையைப் பற்றிப் பெருமைப்பட அதிகம் இல்லை என்பதும் உண்மை. 2018 ஜனவரியில் பதுளைத் தமிழ்ப் பெண்கள் பாடசாலை அதிபரை மண்டியிட வைத்ததாக அப்போதைய முதலமைச்சர்மீது குற்றச்சாட்டு எழுந்து நாடே பேசியது. ஆனாலும் அந்தச் சபையில் எழுந்து நின்று கேட்கத் தமிழ் உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று மடூல்சீமையில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்றால், பெற்றோர் போய்க் கேட்கத் தாங்கள் தெரிவு செய்த மாகாண உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

பதுளைக்கு 18, மொனராகலைக்கு 14 என 2014 இல் பிரிக்கப்பட்ட ஆசனங்கள், அதற்கு முந்திய தேர்தலில் 21 உம் 11 உமாக இருந்தன. பதுளையிலிருந்து போன அந்த மூன்று ஆசனங்களின் கதையும், அதில் தோட்டங்கள் இழந்ததும் அடுத்த வாரம்.

(தொடரும்)