எரிந்த காயில்: பழுது பார்ப்பதா, புதிதாய்க் கட்டுவதா?

குறுவைக்கு நம் மாயவரத்து வாய்க்கால்களில் வரும் காவிரித் தண்ணீர், மேட்டூரில் மின்சாரமும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. அங்கே அணை மின்நிலையம் 1937-ல் இயங்கத் தொடங்கியது. தண்ணீர் திறந்திருக்கும் மாதங்கள்தான் அதன் ஜெனரேட்டர்களுக்கு அறுவடைக் காலம். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஸ்டேட்டர் காயில் எரிந்தால் என்ன செய்வது? "எரிஞ்சா காயில் கட்ட வேண்டியதுதானே" என்போம். பெரிய ஜெனரேட்டரில் அது அவ்வளவு சுலபமில்லை நண்பர்களே! அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எரிந்த காயிலை மட்டும் இணைப்பிலிருந்து விலக்கி, இரு பக்கத்துக் காயில்களையும் நேராக இணைத்துவிடுவது. சில நாளில் மெஷின் ஓடும். ஆனால் பேஸ்களுக்குள் சமநிலை கெடும். லோடைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். இது தண்ணீர் நிற்கும்வரை சமாளிப்பதற்கு மட்டுமே.

இரண்டாவது, அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றுவது. இதில்தான் சிக்கல். ஒரு காயிலின் ஒரு பக்கம் ஒரு ஸ்லாட்டின் மேலே இருக்கும். மறுபக்கம் வேறொரு ஸ்லாட்டின் அடியில் இருக்கும். அதை எடுக்க, மேலே படுத்திருக்கும் நல்ல காயில்களையும் வரிசையாகத் தூக்க வேண்டும். முப்பது, நாற்பது வருட இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் பத்தைக் கெடுத்த கதை!

மூன்றாவது, முழுவதும் புதிதாகக் கட்டுவது. செலவும் நாளும் அதிகம். ஆனால் இன்றைய எபாக்ஸி-மைக்கா இன்சுலேஷன் மெல்லியது, அதிக வெப்பம் தாங்கும். அதனால் அதே ஸ்லாட்டில் கூடுதல் செம்பு வைக்கலாம். மேட்டூர் அணை மின்நிலையத்தில் தலா 10 மெகாவாட்டாக இருந்த நான்கு இயந்திரங்கள், புதுப்பித்தபின் தலா 12.5 மெகாவாட் ஆயின.

எந்த வழியானாலும் முதலில் பார்க்க வேண்டியது கோர். இதை நான் வகுப்பில் படிப்பதற்கு முன் வயலில் படித்தேன். எங்கள் பம்பு மோட்டார் ஒரே குறுவையில் மூன்று முறை எரிந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா கடன் வாங்கிக் காயில் கட்டினார். காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய கம்பியைச் சுலபமாக உருவுவதற்காக ஸ்டேட்டரை நெருப்பில் போட்டிருந்தார்கள். கோர் தகடுகளுக்கு இடையிலான பூச்சு கருகிவிட்டது. எட்டி கரண்ட் பெருகி கோர் கொதித்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது நாம் படித்ததுதானே!

பெரிய ஜெனரேட்டரில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, கோரைச் சுற்றி ஒரு கேபிளைச் சுற்றி ஏ.சி. மின்சாரம் கொடுப்பார்கள். எந்த இடம் மட்டும் அதிகம் சூடாகிறதோ, அங்கே பழுது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் வைத்தால், அதுவும் அங்கேயே எரியும்.

ஆகவே நண்பர்களே, நாளை நாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது, "பழசா, புதுசா?" என்று கேட்கும் முன் "ஏன் எரிந்தது?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் கடனைத் தடுக்கும்.