காது மந்தமா? கருவிக் கடைக்கு முன் மருத்துவர்

மும்பை: காது மந்தமானால், முலுண்டில் வசிப்பவர் முதலில் அணுக வேண்டியது கருவி விற்பவரை அல்ல; காது, மூக்கு, தொண்டை மருத்துவரை. அழுக்கு அடைத்திருந்தாலோ சீழ் வடிந்தாலோ, அவசரமாக வாங்கும் கருவி வீண்செலவே. ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் செவித்திறன் மீளாமல் போகலாம்.

சிகிச்சையால் தீராத குறைபாடு எனில், கேட்பியல் நிபுணர் (ஆடியாலஜிஸ்ட்) செவித்திறனை அளந்து, அதற்கேற்பக் கருவி பொருத்துவார். இவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தாதரில் ரயில் மாறினால் பாந்த்ரா. அங்கு 1983-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம். தகுதியுள்ள குறைந்த வருவாயினருக்கு அரசுத் திட்டத்தில் கருவியும் வழங்கப்படுகிறது. வருமானச் சான்று அவசியம்.