இரவில் கூப்பிட்டால் வராத நாய்க்குட்டி! பிடிவாதத்தைப் போக்குவது எப்படி?

இரவு 10 மணி. தெருவில் சந்தடி அடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் படுக்கப் போகும் நேரம். வாசல் கதவைப் பூட்ட வேண்டும். ஆனால் பூட்ட முடியவில்லை. நாய் இன்னும் உள்ளே வரவில்லை!

"ராஜா! ராஜா! வாடா உள்ளே!" என்று வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்கிறது. ராஜாவோ முருங்கை மரத்தடியில் நின்று திரும்பிப் பார்க்கிறது. வாலை ஆட்டுகிறது. கிட்டே போனால், நாலு அடி தள்ளி ஓடி மறுபடியும் நின்றுகொள்கிறது!

"அதுக்குத் திமிருடா" என்கிறார் பாட்டி. "நாலு போடு போட்டால் சரியாகிவிடும்" என்று குச்சியைத் தேடுகிறார் அப்பா. "அடிக்காதீங்கப்பா!" என்று பையன் அழுகிறான்.

நாய் வளர்க்கும் பல வீடுகளில் தினமும் நடக்கும் கூத்து இது. சில வீடுகளில் இந்தத் தொல்லை தாங்காமல், நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவது என்றே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அதைப் போக்க வழியும் உண்டு. அதற்குக் குச்சி தேவை இல்லை. பொறுமைதான் தேவை.

காதில் விழவில்லையா?

நாய்க்குக் காது கேட்காமல் இல்லை. மனிதனுக்குக் கேட்காத ஒலியும் அதற்குக் கேட்கும். ஒரு வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகளுக்கு மேல் போனால், அந்த ஒலி மனிதன் காதில் விழாது. நாய்க்குச் சுமார் 45 ஆயிரம் அதிர்வு வரை கேட்கும்!

காதில் சீழ், உண்ணி, புண் இருந்தால் மட்டும் கேட்பது குறையலாம். நாய் அடிக்கடி காதைச் சொறிந்தாலும், தலையை உதறினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றபடி, கூப்பிடுவது நாய்க்கு நன்றாகக் கேட்கிறது. கேட்டும் வரவில்லை. ஏன்?

8 மாதப் பருவம்

வயதும் ஒரு காரணம். மூன்று, நான்கு மாதக் குட்டி எஜமானரின் காலைச் சுற்றிச் சுற்றி வரும். கூப்பிடாமலே ஓடி வரும். அதே குட்டி எட்டு மாதம் ஆனதும், கூப்பிட்டாலும் வராது.

இது பற்றி இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நியூகேசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் வேறு சில விஞ்ஞானிகளும் சேர்ந்து அதை நடத்தினார்கள். முடிவு 2020-ம் ஆண்டு வெளியாயிற்று. கண் தெரியாதவர்களுக்கு வழி காட்டுவதற்காக வளர்க்கப்பட்ட நாய்கள் அதில் சோதிக்கப்பட்டன.

ஐந்து மாத வயதில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாத வயதில் அப்படிக் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வளர்த்தவர் சொன்னால்தான் கேட்கவில்லை. அந்நியர் சொன்னால் கேட்டன! ஒரு வயது ஆனபோது நாய்களிடம் மறுபடியும் பணிவு வந்துவிட்டது.

மனிதர்களுக்கு வாலிபப் பருவம் இருப்பது போல, நாய்க்கும் ஒரு பருவம் உண்டு. பெற்ற பிள்ளை பெற்றவர் பேச்சைக் கேட்காமல், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்பது இல்லையா? அது போலத்தான் இதுவும். இது நிலையான குணம் அல்ல. சில மாதங்களில் மாறிவிடும்.

நாய் போடும் கணக்கு

வயது மட்டும் காரணம் அல்ல. நாய் ஒரு கணக்கும் போட்டு வைத்திருக்கிறது.

ரஷிய நாட்டில் பாவ்லவ் என்ற விஞ்ஞானி இருந்தார். உணவு எப்படிச் செரிக்கிறது என்பதை நாய்களை வைத்து ஆராய்ந்தவர். அதற்காக 1904-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

அவர் ஒரு புதுமையைக் கண்டார். உணவு வாயில் பட்டால் நாய்க்கு எச்சில் ஊறும். அது இயற்கை. ஆனால், உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது! பிறகு, தாளம் போடும் கருவி ஒன்றை ஓடவிட்டு, உடனே உணவு கொடுத்துப் பார்த்தார். சில நாளில், அந்தச் சத்தம் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறத் தொடங்கியது.

எதற்குப் பின் எது வருகிறது என்பதை நாய் மறப்பது இல்லை.

இப்போது ராஜாவின் கணக்கைப் பாருங்கள். "வா" என்று கூப்பிடுகிறார்கள். போனால் என்ன நடக்கிறது? கழுத்தில் சங்கிலி விழுகிறது. கதவு சாத்தப்படுகிறது. ஓட்டமும் விளையாட்டும் அன்றைக்கு முடிந்துவிடுகின்றன. தாமதமாகப் போனால், கூடவே அடியும் விழுகிறது! தினமும் இதே கதை.

"வா" என்றால் சங்கிலி என்று ராஜா பாடம் படித்துவிட்டது. பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் வீட்டார்தான்!

அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற அறிஞர் 1898-ம் ஆண்டில் இன்னொரு சோதனையை வெளியிட்டார். பசியோடு இருக்கும் பூனையைப் பெட்டிக்குள் அடைத்தார். வெளியே தீனி வைத்தார். சரியான கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். முதலில் பூனை கண்டபடி பிறாண்டியது. நாளாக நாளாக, உள்ளே விட்டதும் கயிற்றை இழுக்கப் பழகிவிட்டது. நல்ல பலன் கிடைத்த செயலைப் பிராணிகள் திரும்பவும் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை.

அப்படியானால் நாயை வரவழைக்கும் வழி தெளிவு. வந்தால் நன்மை உண்டு என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

செய்யக் கூடாதவை

நாயைத் துரத்தக் கூடாது. துரத்தினால், அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும். இரண்டு கால் மனிதன் நாலு கால் நாயை ஓடிப் பிடிக்க முடியாது.

பத்துத் தடவை கூப்பிடக் கூடாது. பத்துத் தடவை கேட்டுப் பழகிய நாய், பதினோராவது தடவைக்குக் காத்திருக்கும்.

வந்த நாயை அடிக்கக் கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் அடிக்கக் கூடாது. "முன்பு வராததற்கு அடி" என்று நாய்க்குப் புரியாது. "வந்ததற்கு அடி" என்றுதான் புரியும்.

"தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், தப்பு செய்யாத நாயும் திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது! அது குற்ற உணர்ச்சி அல்ல, பயம்.

பழக்கும் முறை

முதல் பாடத்தை இரவில் தொடங்கக் கூடாது. பகலில், வீட்டுக்குள்ளே தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "ராஜா, வா" என்பது போதும். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். தாத்தா "இங்கே வா" என்றும், அம்மா "உள்ளே போ" என்றும், பையன் "கம், கம்" என்றும் சொன்னால் நாய் குழம்பும்.

நாய் பக்கத்தில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். வந்ததும் கொஞ்சம் தீனி கொடுங்கள். வேகவைத்த கோழி இறைச்சி, அவித்த முட்டை, இட்லித் துண்டு எதுவானாலும் சரி. கட்டைவிரல் நகம் அளவு போதும். தடவிக் கொடுத்து, உடனே விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படிச் செய்யலாம்.

உடனே விட்டுவிடுவதுதான் முக்கியம். போனால் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை நாய்க்கு வர வேண்டும்.

பிறகு, அம்மா அடுப்பங்கரையில் இருந்து கூப்பிடட்டும். பையன் கூடத்தில் இருந்து கூப்பிடட்டும். நாய் இருவரிடமும் மாறி மாறி ஓடி வரும். குழந்தைகளுக்கும் இது நல்ல விளையாட்டு.

வீட்டுக்குள் பழகிய பிறகு கொல்லைக்குப் போகலாம். அங்கே கோழி இருக்கும். அணில் இருக்கும். நாயின் கவனம் சிதறும். அதனால் 15 அடி நீளமுள்ள மெல்லிய கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டுங்கள். அதைப் பிடித்துச் சுண்டி இழுக்கக் கூடாது. நாய் தப்பி ஓடாமல் இருக்கவே அந்தக் கயிறு. ஆள் இல்லாத நேரத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவற்றைத் தீனியாகக் கொடுக்கக் கூடாது. இவை நாய்க்கு விஷம்.

படுக்கும் நேரம்

பகல் பாடம் தேறிய பிறகு இரவுப் பாடம்.

நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் 9 மணி, ஒரு நாள் 11 மணி என்றால் பழக்கம் வராது. படுப்பதற்கு முன் நாயை வெளியே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். பகல் எல்லாம் கட்டிக் கிடந்த நாய்க்கு இரவில்தான் ஓட்டம் வரும். அது நாயின் குற்றம் அல்ல.

இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முழுவதும் வைத்துவிடாதீர்கள். ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அழைக்கும் நேரத்தில் அந்தத் தட்டோடு வாசலில் நில்லுங்கள். ஒரே ஒரு தடவை "ராஜா, வா" என்று இனிய குரலில் கூப்பிடுங்கள். வந்ததும் ஒரு வாய் கொடுத்து விட்டுவிடுங்கள். மறுபடியும் கூப்பிடுங்கள். மூன்றாவது தடவை உள்ளே அழைத்துத் தட்டை வையுங்கள். அது தின்று முடித்து, தன் சாக்கில் படுத்த பிறகு கதவைச் சாத்துங்கள்.

அப்படியும் வரவில்லையா? அதன் பின்னால் போகாதீர்கள். திரும்பி வீட்டுக்குள் நடங்கள். அல்லது குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையைத் தட்டுங்கள். என்ன இருக்கிறது என்று பார்க்க நாய் வரும். அதற்கும் மசியாவிட்டால், மறுநாள் முதல் கயிற்றோடு வெளியே விட்டு, கயிற்றோடு உள்ளே கூட்டி வாருங்கள்.

ஒரே இரவில் பலன் தெரியாது. சில வாரம் ஆகலாம். நன்றாகப் பழகிய பிறகு தீனியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஆனால் அடியோடு நிறுத்தக் கூடாது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்றவை நம் நாட்டு வேட்டை நாய் இனங்கள். ஓடும் பிராணியைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. அவற்றைப் பழக்க இன்னும் கொஞ்சம் அதிகப் பொறுமை வேண்டும்.

வீதியில் காத்திருக்கும் ஆபத்து

"வராவிட்டால் போகட்டும், வெளியே கிடக்கட்டும்" என்று விடலாமா? கூடாது.

இரவில் வீதியில் திரியும் நாய் லாரியில் அடிபடலாம். மலையோர ஊர்களில் சிறுத்தை தூக்கிப் போய்விடும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, வெறிநாய். அது கடித்தால் வீட்டு நாய்க்கும் வெறி பிடிக்கும். பிறகு அந்த நாயோடு விளையாடும் குழந்தைக்கே ஆபத்து!

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால், பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் முன்னதாக ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். பிரான்ஸ் நாட்டு மேதை லூயி பாஸ்டர் 1885-ம் ஆண்டு, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு இந்த மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். அவர் பெயரால் குன்னூரில் 1907-ம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி தொடர்ந்து போட வேண்டும்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றில் ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் காசு கிடையாது.

விட்டுவிடலாமா?

தொல்லை பொறுக்காமல், நாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சோறு தின்று வளர்ந்த நாய்க்கு வெளியே பிழைக்கத் தெரியாது. அந்த ஊர் நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளாது. பசியால் வாடும்படி பிராணியைக் கைவிடுவதும், அதை அடித்துத் துன்புறுத்துவதும் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

பெரும்பாலும் எட்டு, ஒன்பது மாத வயதில்தான் "இந்த நாய் உதவாது" என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பருவம் கடக்க இன்னும் மூன்று, நான்கு மாதம்தான் இருக்கிறது. அது வரையில் ஒரு கைப்பிடித் தீனியும் ஒரு முழக் கயிற்றுக்குப் பதில் 15 அடிக் கயிறும் வைத்துக்கொண்டு, தினமும் கால் மணி நேரம் செலவிட்டால் போதும். அடுத்த பத்து ஆண்டுக்கு மேல் வாசலைக் காக்கப் போகிற பிராணிக்கு, இது பெரிய செலவு அல்ல.