புகைக்குப் பின் – 9: மங்கல் புள்ளிகள்

பீட்டா கரோட்டின் மாத்திரை கவிழ்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனை அது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. சரி, மாத்திரை வேண்டாம்; மருந்தை நேராக நுரையீரலுக்கே அனுப்பிப் பார்த்தால்?

அப்படிக் களத்துக்கு வந்தது புடசொனைடு. இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு. ஆஸ்துமாக்காரர்களுக்குப் பழகிய பெயர். புகை மூச்சுக்குழாயை வருடக்கணக்கில் அழற்சியிலேயே வைத்திருக்கிறது. அந்த அழற்சியைத் தணித்தால் புற்று முளைப்பதும் தணியலாம் என்பது கணக்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லீ வாட்டன்பர்க், புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீனை எலிகளுக்குக் கொடுத்து, பிறகு இந்த மருந்தைச் சுவாசிக்க வைத்தார். நுரையீரல் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

எலிகளுக்கு அடுத்து மனிதர்கள். கனடாவின் வான்கூவரில் ஸ்டீபன் லாம் குழு 112 பேரைச் சேர்த்தது. புகைப்பவர்கள், விட்டவர்கள் என இரு வகையினரும் இருந்தார்கள். எல்லோருக்கும் மூச்சுக்குழாய் உள்தோலில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வித்தை: தொண்டை வழியே குழாயை இறக்கி நீல ஒளி பாய்ச்சினால் நல்ல திசு பச்சையாக ஒளிரும், கெட்ட திசு செம்பழுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் துளி சதையைக் கிள்ளி எடுப்பார்கள். பாதிப் பேருக்கு ஒரு வேளைக்கு 800 மைக்ரோகிராம் வீதம் தினம் இரு வேளை மருந்து. மீதிப் பேருக்கு மருந்தில்லாத இன்ஹேலர். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி கிள்ளிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை.

ஆனால் சி.டி. ஸ்கேனில் தெரிந்த சிறு புள்ளிகள் விஷயம் வேறாக இருந்தது. மருந்து இழுத்தவர்களிடம் 27 சதவீதப் புள்ளிகள் மறைந்திருந்தன, மற்றவர்களிடம் 15. தேடிப்போனது கிடைக்காதபோது ஓரத்தில் தட்டுப்படுவதைப் பிடித்துக்கொள்வது மருத்துவ ஆய்வில் பழைய பழக்கம். நான் இதைச் சந்தேகத்தோடுதான் படித்தேன்.

நல்லவேளை, மிலான் நகரின் ஐரோப்பியப் புற்றுநோயியல் கழகம் அந்த ஓரத்தையே மையமாக வைத்துச் சோதித்தது. ஸ்கேனில் புள்ளி உள்ள 202 பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத இன்ஹேலர். 2011-ல் வந்த முடிவில் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் பலனில்லை. திடமான புள்ளிகள் அசையவே இல்லை. பனிமூட்டம் போன்ற மங்கல் புள்ளிகள் மட்டும் சுருங்கும் போக்கைக் காட்டின. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து இழுத்தவர்களின் மங்கல் புள்ளிகள் சராசரி 5 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறையப் பாதியாகியிருந்தன.

புதிய புள்ளிகளின் எண்ணிக்கையோ புற்றுநோய் வந்தவர்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. 202 பேரில் அது தெரியவும் தெரியாது. மங்கல் புள்ளி மெல்ல வளர்வது. சில வளராமலே கிடக்கும். சுருங்கியவற்றில் எத்தனை புற்றாக மாறியிருக்கும் என்று சொல்ல ஆயிரக்கணக்கானோரும் பல வருடங்களும் வேண்டும். காப்புரிமை முடிந்துபோன பழைய மருந்துக்கு அவ்வளவு செலவு செய்யக் கம்பெனிகளுக்கு என்ன அவசரம்?

அழற்சி என்ற கோணத்துக்கு 2017-ல் மறுபடி உயிர் வந்தது, இதய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஊசிமருந்துச் சோதனையில். அது அடுத்த வாரம்.

(தொடரும்)