தேய்த்தால் போகாத கறுப்பு

மூக்கு நுனியில் இருக்கும் கரும்புள்ளியை ஜெர்மானியர்கள் ‘மிட்எஸ்ஸர்’ என்பார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பொருள். மருத்துவர்கள் சொல்லும் ‘கொமெடோன்’ என்ற பெயரும் அதே ரகம்தான். லத்தீனில் ‘கொமெடோ’ என்றால் பெருந்தீனிக்காரன். புள்ளியை இரு விரலால் அழுத்தினால் கறுத்த தலையும் வெளுத்த உடம்புமாக ஒரு சின்னத் திரி நெளிந்து வரும். அதைப் பார்த்த அந்தக் கால ஐரோப்பியர்கள், உடம்புக்குள் இருந்துகொண்டு நம் சோற்றில் பங்கு தின்னும் புழு என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அது புழு இல்லை. ஆனால் தோல் துளைகளில் குடித்தனம் நடத்தும் ஓர் உயிர் உண்மையிலேயே உண்டு. ஜெர்மன் மருத்துவர் குஸ்டாவ் சைமன் மயிர்க்கால்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அங்கே வாழும் எட்டுக்கால் சிற்றுண்ணியைப் பற்றி 1842-இல் எழுதினார். ‘டெமோடெக்ஸ்’ என்ற அந்த உயிரி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முகத்தில் அது இருக்கிறது. கரும்புள்ளி விஷயத்தில் அதன்மேல் பழி போட முடியாது. வேலை முழுவதும் நம் தோலுடையதுதான்.

தானே எண்ணெயாகும் சுரப்பி

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. முகத்திலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 400 முதல் 900 வரை இருக்கும். மயிர்க்காலின் பக்கவாட்டில் திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருக்கும் இந்தச் சுரப்பியின் வேலை முறை வியப்பானது. இதன் செல்கள் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து உப்பி, கடைசியில் உடைந்து, தாமே எண்ணெயாகிவிடுகின்றன. ‘சீபம்’ என்ற அந்த எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் கணிசமாக உண்டு. முதன்முதலில் சுறாவின் ஈரல் எண்ணெயில் கண்டறியப்பட்டதால், சுறா இனம் ஒன்றின் பெயரான ‘ஸ்குவாலஸ்’ என்பதிலிருந்து அதற்கு இந்தப் பெயர் வந்தது.

எண்ணெய் வெளியே வரும் குழாயின் உட்சுவரும் தோல்தான். அதுவும் செத்த செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்தவை எண்ணெயோடு வழிந்து வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜென் ஹார்மோன்கள் சுரப்பியை முடுக்கிவிடுகின்றன, எண்ணெய் பெருகுகிறது. கூடவே சிலருக்குச் செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் செதிலும் கலந்து குழாயின் கழுத்தில் மெல்ல இறுகுகிறது. இந்தக் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. இதற்கு ‘நுண் கொமெடோன்’ என்று பெயர்.

அடைப்பு பெருத்து, வாய் மூடியே இருந்தால் அது வெண்புள்ளி. வாய் விரிந்து காற்றுப் பட்டால் கரும்புள்ளி. அதன் கறுப்புக்கு முக்கியக் காரணம் அடைப்பில் இருக்கும் செத்த செல்களின் மெலனின், அதாவது முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் அதே நிறமி. காற்றில் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைவதும் கொஞ்சம் நிறம் சேர்க்கிறது. ஆக, அது தூசியோ அழுக்கோ இல்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டாலும் போகாததற்குக் காரணம் இதுதான். சோப்பு மேல்தோலின் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

எல்லாப் புள்ளியும் எதிரி அல்ல

கண்ணாடிக்கு மிக அருகில் போய் மூக்கைப் பார்த்தால் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சாம்பல் நிறத்தில் வரிசையாகத் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் கரும்புள்ளிகளே அல்ல. எண்ணெய் வெளியே வர வழிகாட்டும் இழைகள் அவை, எல்லோருக்கும் உண்டு. பிதுக்கி எடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். உண்மையான கரும்புள்ளி சற்றுப் புடைத்து, ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நல்ல கறுப்பாக இருக்கும். ‘எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வருகிறது’ என்று புலம்புகிறவர்களில் பலர் சண்டை போடுவது இந்த அப்பாவி இழைகளோடுதான்.

மூக்கில் ஒட்டிப் பிய்த்தெடுக்கும் பட்டையை 1990களில் ஜப்பானின் காவோ நிறுவனம் ‘பியோரே’ என்ற பெயரில் பிரபலமாக்கியது. பிய்த்த பட்டையில் முள் முள்ளாக நிற்பவற்றைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, மறுக்க முடியாது. அதில் பாதிக்குமேல் இந்த இழைகளாகவே இருக்கலாம். அடைப்பின் மேல்முனையைப் பட்டை எடுக்கும். அடைப்பு உருவாகும் காரணத்தைத் தொடாது.

அழகு நிலையத்தில் நீராவி பிடிப்பார்கள், ‘துளை திறக்கட்டும்’ என்று. தோல் துளை கதவு மாதிரித் திறந்து மூடக்கூடியது அல்ல. நீராவியால் எண்ணெய் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். தோல் மருத்துவர்கள் முனையில் சிறு வளையம் வைத்த கம்பியால் அடைப்பை எடுப்பதுண்டு. பல நேரம் அதற்கு முன் சில வாரம் மருந்து கொடுத்து இளக்கிக்கொள்வார்கள். நகத்தால் பிதுக்கினால் பாதி வெளியே வரும், பாதி குழாய்ச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அது சீழ்ப்பருவாகித் தழும்பில் முடியலாம். நம் போன்ற மாநிறத் தோலில் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தும் கிடக்கும்.

ஒரு மருந்தும் ஒரு சிறைச்சாலையும்

மருந்துகளில் எளியது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் துளைக்குள் இறங்கி, ஒட்டிக்கொண்ட செதில்களைப் பிரிக்கும். முகம் கழுவும் திரவத்திலும் களிம்பிலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை வரும்.

அடைப்பு உருவாவதையே தடுப்பவை ரெட்டினாய்டுகள், அதாவது வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்துகள். இவற்றில் முதலாவதான ட்ரெட்டினாயினைப் பருவுக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். அவருடைய ஆய்வுகளுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் 1974 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனைகள் நடத்தினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தப் பல்கலைக்கழகம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்று முயல் காதில் தடவிப் பார்க்கும் சோதனையையும் பரவலாக்கியவர் அவரே. தேங்காய் எண்ணெய்க்கு ‘துளையடைப்பான்’ என்ற பெயர் அந்த வகைச் சோதனைகளால் வந்தது. முயல் காது மனித முகத்தைவிடச் சுலபமாக அடைபடும் என்பதால் அந்தப் பட்டியலை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைப்பவர்களுக்கு நெற்றியோரம் புள்ளிகள் வருவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். தலையில் வையுங்கள், நெற்றிக்கு வழியவிடாதீர்கள்.

இன்று அதிகம் பரிந்துரைக்கப்படுவது அடாபலீன். பட்டாணி அளவு எடுத்து, புள்ளியில் மட்டும் வைக்காமல், புள்ளி வரும் பகுதி முழுவதும் இரவில் மெல்லியதாகப் பூச வேண்டும். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். தொடக்கத்தில் தோல் வறண்டு உரியும். பருக்கள் கொஞ்சம் கூடுவதுபோலவும் தெரியும். பகலில் சன்ஸ்க்ரீன் அவசியம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே சரி.

எலுமிச்சை, ஆப்ப சோடா, டூத்பேஸ்ட் மூன்றையும் சமையலறைக்கும் குளியலறைக்குமே விட்டுவிடலாம். தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சை அதைவிட மிக அதிக அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம். இரண்டுமே தோலைப் புண்ணாக்கும். இவற்றைவிட ஆபத்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘சிவப்பாக்கும்’ கிரீம். அட்டையில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளபளக்கும்; போகப் போகத் தோல் மெலிந்து பருக்கள் கிளம்பும்.

எந்த மருந்தானாலும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இன்று கண்ணுக்குத் தெரியும் கரும்புள்ளி பல வாரங்களுக்கு முன்பே உள்ளே உருவாகத் தொடங்கியது. அடுத்து வரப்போவதும் இப்போதே உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது. மருந்து முதலில் தடுப்பது அதைத்தான். பத்து நாளில் பலன் இல்லை என்று டியூபைத் தூக்கி எறிகிறவர்களுக்குக் கரும்புள்ளி பிடிவாதமாகத்தான் தெரியும். ஐப்பசியில் பூச ஆரம்பித்தால், தை பிறந்த பிறகு கண்ணாடியைப் பாருங்கள்.