கீர்த்தனமும் கிதாரும்

பெண் குழந்தை நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும், "பாட்டுக்குப் போட்டாயிற்றா?" என்று கேட்பது நம் வழக்கம். அந்தப் பெண்ணே நாளைக்குக் கீர்த்தனத்தை விட்டுக் கிதார் கோஷ்டியோடு பாடக் கிளம்பினால்? "கற்றதெல்லாம் பாழ்!" என்று தலையில் கை வைத்துக்கொள்வோம்.

சுசீலா ராமனின் கதையைக் கேளுங்கள். 1973-ல் லண்டனில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். நாலு வயதிலிருந்து வளர்ந்தது ஆஸ்திரேலியாவில். சிறு வயதிலேயே கர்நாடக சங்கீதம் பாடினார். பிறகு சிட்னியில் சொந்தமாக ஒரு கோஷ்டி சேர்த்து ராக், ஃபங்க் என்று பாடலானார். அடுத்து, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ப்ளூஸும் ஜாஸும். குரலையே புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது!

இரண்டு சங்கீதமும் தனித்தனியே நின்றால் எப்படி? 1995-ல் இந்தியா வந்து, சுருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். 1997-ல் இங்கிலாந்து திரும்பி, கிதார் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்து உழைத்தார்.

2001-ல் வந்தது முதல் தனி இசைத்தட்டு, 'சால்ட் ரெயின்'. அதில் தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனங்கள், கிதார் ஒலியோடு! பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குத் தேர்ந்தெடுத்த பட்டியலில் அதுவும் ஒன்று. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போயிற்று, பெயர் சுசீலாவுக்கும் நிலைத்தது. 2011-ல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் என்ன தெரியுமா? 'வேல்'!

கீர்த்தனத்தை இப்படிப் பாடலாமா என்று ரசிகர்கள் வாதாடட்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைப் பிராயத்தில் காதில் ஏறிய பாட்டு எங்கும் போய்விடுவதில்லை.